ஐப்பசியில் இறங்கிய வீடு

1957ஆம் வருஷம் ஐப்பசி மாதத்துப் பெருமழையில் செல்வமேரி டீச்சரின் வீடு பத்தடி கீழே இறங்கியது. அடுப்பில் பால் இருந்தது, சிந்தவில்லை. சுவரில் ஒரு கீறல் விழவில்லை. டீச்சர் வாசற்கதவைத் திறந்துவைத்துப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். எதிரே இருந்த வேப்பமரம் சாவகாசமாக மேட்டில் ஏறிப் போவதைப் பார்த்தார். அவர் அறிவியல் டீச்சர். மரம் நடக்காது, ஆகவே நடப்பது தாம்தான் என்று ஒரு நிமிஷத்தில் முடிவுக்கு வந்தார். கையில் இருந்த தாளைத் திருத்தி முடித்துவிட்டு எழுந்தார். அதற்குள் மழை விட்டது, வீடும் நின்றது.

பொன்மலைக்குத் தெற்கே, ரயில்வே குடியிருப்புகள் முடிகிற இடத்தில் இருந்தது அந்தச் சரிவு. அடியில் பாறை, பாறையின் மேல் களிமண், களிமண்ணின் மேல் முள்ளும் புல்லும். சரிவு முடிகிற இடத்தில் ஒரு பழைய கல்குழி இருந்தது. ரயில் பாதைக்கு ஜல்லி உடைத்து உடைத்து உண்டான குழி. பச்சைத் தண்ணீர் நின்றது. ஆழம் யாருக்கும் தெரியாது. சரிந்த மனை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை என்பதால் அது ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த அமிர்தராஜுக்குக் கிடைத்தது. அவர் மனைவிதான் செல்வமேரி. செல்வமேரியின் தகப்பனார் உபதேசியார். வருஷத்துக்கு ஒரு பங்குக் கோயில் என்று மாறிக்கொண்டே இருந்தவர். மகளும் வீடு வீடாக மாறி வளர்ந்தார். கல்யாணமான பிறகு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு போர்ஷனில் எட்டு வருஷம் இருந்தார்கள். அந்த வீட்டுக்காரம்மா சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். அதனால் மாதா படம் எட்டு வருஷமும் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. விருந்தாளி வந்தால் நின்றுகொண்டு பேச வேண்டும். புது வீட்டுக்குள் நுழைந்ததும் செல்வமேரி செய்த முதல் காரியம், சுத்தியலை எடுத்துச் சுவரில் ஆணி அடித்தது. கையில் அடிபட்டது. அவர் சிரித்தார்.

வீட்டைக் கட்டியவர் சின்னையா மேஸ்திரி, ஸ்ரீரங்கத்துக்காரர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தட்டுப் போலக் கிடக்கும் அந்தத் தீவில்தான் வாழ்நாள் முழுவதும் கட்டியிருந்தார். எத்தனையோ வெள்ளம் வந்து போனது. அவர் கட்டிய வீடு ஒன்றுகூடத் தாழ்ந்ததில்லை. அஸ்திவாரமாகக் கடைக்கால் போடப் பள்ளம் வெட்டும்போது அளவு பார்க்க அவர் கோல் வைத்துக்கொள்வதில்லை. தாமே பள்ளத்துக்குள் இறங்கி நிற்பார். தரை இடுப்புக்கு வந்தால் சரி. நாலு மூலையிலும் நின்று பார்ப்பார், நாலு மூலையிலும் இடுப்பு. அங்கே தரை மட்டம், ஆகவே பள்ளத்தின் அடியும் மட்டம். அதைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பொன்மலைச் சரிவிலும் அவர் அப்படியே செய்தார். மேட்டு மூலையில் நின்றார், இடுப்பு. பள்ளத்து மூலையில் நின்றார், இடுப்பு. திருப்தியாக மேலே ஏறி வெற்றிலை போட்டுக்கொண்டார். ஆனால் தரை சரிந்திருந்ததால் பள்ளத்தின் அடியும் அதே சரிவாகச் சரிந்திருந்தது. அதன் மேல் ரசமட்டம் வைத்து, நூல் பிடித்து, நேரான சுவர்களை எழுப்பினார். பார்க்கிறவர்களுக்கு அது மட்டமான வீடு. யாரும் பார்க்காத அடியில் அது சறுக்குப் பலகையில் வைத்த பெட்டி.

அவர் வேலை மோசம் என்று சொல்ல முடியாது. மோசமாக இருந்திருந்தால் வீடு நாலாகப் பிளந்து அங்கேயே கிடந்திருக்கும். முழுசாக இறங்க வேண்டுமென்றால் அவ்வளவு நன்றாகக் கட்டியிருக்க வேண்டும்.

தகவல் போய் மறுநாளே சின்னையா வந்தார். காலியாகக் கிடந்த மனையையும் பத்தடி கீழே இருந்த வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்ட யாரு தள்ளுனது?"

"யாரும் தள்ளலைங்க மேஸ்திரி. அதுவா வந்துச்சு" என்றார் செல்வமேரி.

"அதுவா வராதுங்க டீச்சரம்மா. சீரங்கத்துல நான் கட்டுன வீடு ஒண்ணு நகந்துருக்கா? போய் விசாரிச்சுப் பாருங்க."

"சீரங்கத்துல ஒரு வீடு நகரணும்னா எந்தப் பக்கம் நகருங்க?"

சின்னையா வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார். வரும்போது ஒவ்வொரு மூலையையும் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். கடைசியில், வேலை நல்ல வேலை என்பதை யாராவது ஒப்புக்கொண்டால் தேவலை என்பது போல அமிர்தராஜைப் பார்த்தார். அமிர்தராஜ் ஒப்புக்கொண்டார்.

செய்தி பரவியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து ஜனங்கள் நேரே சரிவுக்கு வந்தார்கள். திருவெள்ளறையிலிருந்தும் தொட்டியத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சுண்டல்காரர் ஒருவர் வேப்பமரத்தடியில் நிரந்தரமாக இடம் பிடித்தார். பஸ் கண்டக்டர்கள் "நகர்ற வீடெல்லாம் எறங்கு" என்று கூவினார்கள். வந்தவர்கள் வாசலில் நின்று, இப்போது நகருமா, கொஞ்சம் நகர்த்திக் காட்ட முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். மழை வர வேண்டும் என்று செல்வமேரி விளக்குவார். அவர் விளக்குவதில் அலுத்துக்கொள்ளவே மாட்டார். களிமண் நனைந்தால் வழுக்கும், பாறைக்குள் இறங்க முடியாத தண்ணீர் பாறைக்கும் களிமண்ணுக்கும் நடுவே ஓடும், அந்தத் தண்ணீரின் மேல் வீடு வரும் என்று சொல்லி, உள்ளங்கையில் ஈரச் சோப்பை வைத்துச் சாய்த்துக் காட்டுவார். சோப்பு போய் யார் காலிலாவது விழும். எல்லோரும் கை தட்டுவார்கள்.

குழிக்கரையில் ஆட்டுப்பட்டி போட்டிருந்த காளியாயி மட்டும் கை தட்டவில்லை. "டீச்சரு, உங்க வீட்டுக்கு எந்த ஊருக்குப் பயணம்னு கேட்டுச் சொல்லுங்க. நான் பட்டிய ஒதுக்கிப் போட வேணாம்?" என்றார்.

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. அடுத்த வருஷம் வீடு நாற்பது அடி இறங்கியது. அமிர்தராஜ் வேப்பமரத்துக்கு மேலே பாறையில் துளையிட்டுத் தண்டவாளத் துண்டை இறக்கி, தடித்த சங்கிலியால் வீட்டைக் கட்டி வைத்திருந்தார். சங்கிலி வீணைக் கம்பி போல ஒரு சத்தம் போட்டு அறுந்தது. அதற்குப் பிறகு பெய்த நாலு மழையிலும் வீடு கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருந்தது. குழிக்கும் வீட்டுக்கும் இடையில் இப்போது காளியாயியின் பட்டியும், அதற்கு அப்பால் ஒரு மாட்டு வண்டி திரும்புகிற அளவு தரையும்தான் மிச்சம்.

அமிர்தராஜ் ஜங்ஷன் பக்கம் ஒரு போர்ஷன் பார்த்துவிட்டு வந்தார்.

"மேரி, நல்ல காத்தோட்டம். குழாய்த் தண்ணி. நாளைக்கே போயிடலாம்."

"ஆணி அடிக்க விடுவாங்களா?"

"அது... கேக்கல."

"கேட்டுட்டு வாங்க."

"வீடு குழிக்குள்ள போனா என்ன பண்ணுவ?"

"கூடவே போவேன். கொள்ளிடத்துல நீந்துனவ நான்."

அமிர்தராஜ் அன்று சாப்பிடவில்லை. செல்வமேரி சாப்பிட்டார், சாப்பிடும்போதே தட்டில் மிஞ்சிய ரசம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்தப் பக்கமும் ஓடவில்லை. வீட்டுக்குள் எல்லாம் மட்டம். அதுதான் அவரை விடவில்லை. இவ்வளவு நல்ல வீட்டை எப்படி விட்டுப் போவது?

அடுத்த மழைக்குள் சின்னையா ஒரு காரியம் செய்தார். யாரையும் கேட்காமல் ஸ்ரீரங்கத்திலிருந்து பிச்சைமுத்துவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிச்சைமுத்து தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களில் மூத்தவர். வீடு உயரத் தேர் சனங்கள் இழுத்த வேகத்தில் வரும்போது, சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் சொருகி நிறுத்துவதும், தெருமுனையில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்துத் தேரையே திருப்புவதும் அவர் வேலை. ஆட்களும் கட்டைகளும் பஸ் கூரையில் வந்து இறங்கினார்கள்.

"தேருன்னா சக்கரம் இருக்கும். இதுக்குச் சக்கரம் எங்க சின்னையா?"

"மூலை நாலு இருக்குல்ல? அதுதான் சக்கரம். போடு."

மழை வந்தது, வீடு அசைந்தது. பிச்சைமுத்துவின் ஆட்கள் இருபக்கமும் ஓடினார்கள். "போடு! எடு! தெக்க போடு!" என்று சத்தம். நாலு கட்டைகளும் கடைக்காலுக்கடியில் கவ்விக்கொண்டன. வீடு ஒரு முனகலோடு நின்றது. சரிவு முழுக்க ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். செல்வமேரி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எல்லோருக்கும் காப்பி கொடுத்தார்.

பிச்சைமுத்து காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "டீச்சரம்மா, கட்டை போட்டா நிக்கும். இருக்காது. தேரு எத்தனை தெரு சுத்தினாலும் கடைசில நிலைக்கு வந்து சேரணும். உங்க வீட்டுக்கு நிலை எங்க?"

செல்வமேரி பால் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே சரிவைக் குழி வரை பார்த்தார். அன்று மாலை முழுவதும் அவர் முகம் சிவந்திருந்தது. காய்ச்சலோ என்று அமிர்தராஜ் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. "என்னங்க, கடைக்கால் மேலதான் வீட்டக் கட்டணும்னு யாரு சொன்னது? வீடு இருக்கு. வழி தெரியும். எப்ப வரும்னு தெரியும். அது வந்து உக்கார்ற எடத்துல நாம கடைக்கால் போட்டு வச்சா?" என்றார். அமிர்தராஜ் பட்டறைக்காரர், சரியான அளவில் ஒன்றோடொன்று பொருத்துவதே அவர் பிழைப்பு. அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு எழுந்து சட்டை போட்டுக்கொண்டு, சின்னையாவைப் பார்க்க ஸ்ரீரங்கம் பஸ் ஏறப் போனார். காலில் செருப்பு போட மறந்துவிட்டார்.

1959 தை மாதம் வேலை தொடங்கியது. சின்னையா வழக்கம் போலப் பள்ளத்தில் இறங்கி இடுப்பளவு பார்க்கப் போனார். செல்வமேரி அவரை வெளியே வரச் சொன்னார்.

"மேஸ்திரி, எங்க ஸ்கூல்ல பிள்ளைங்க சறுக்குமரத்துல ஏறுனா என்ன ஆவுது?"

"சறுக்கி வரும்."

"அதே பிள்ளைங்க மாடிப்படில உக்காந்துதான் சாப்பாட்டு டப்பாவத் தொறக்குதுங்க. ஒண்ணாவது சறுக்கி வருதா?"

சின்னையா சரிவைப் பார்த்தார். பிறகு வடக்கே, தூரத்தில் தெரிந்த மலைக்கோட்டையைப் பார்த்தார். "அட" என்றார். "நானே எத்தனை தரம் ஏறியிருக்கேன். பாறைய படியா வெட்டித்தான வச்சுருக்கான். படி மட்டமாத்தான இருக்கு." இடுப்பை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். "இந்த அளவுகோல நம்பி வீடு கட்டுனேன் பாருங்க." அதற்குப் பிறகு அவர் செல்வமேரியைவிட வேகமாக ஓடினார்.

இடம் தேர்ந்தெடுத்தது ஆடுகளைப் பார்த்து. மழை விட்டதும் காளியாயியின் ஆடுகள் எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்பதைச் செல்வமேரி கவனித்திருந்தார். அங்கே மண்ணே கிடையாது, வெறும் பாறை, ஈரம் நிற்பதில்லை. அது பட்டியின் நட்டநடு. காளியாயி இடத்தைக் கொடுக்க ஒப்பவில்லை. உங்க வீட்டுக்கு நிலை வேணும்னா என் ஆட்டுக்கு வேண்டாமா என்றார். அது நியாயம்தான் என்று எல்லோருக்கும் பட்டது. அங்கே பாறை, மேட்டுப்பக்கம் உயர்ந்தும் பள்ளத்துப் பக்கம் ஆள் உயரத்துக்குத் தாழ்ந்தும் இருந்தது. தாழ்ந்த பக்கத்தை மண் கொட்டி நிரப்பி, திமிசு போட்டு இறுக்கிவிடலாம் என்று சின்னையா சொல்லிக்கொண்டிருந்தார். செல்வமேரி மறுத்தார். பாதி வீடு பாறையில், பாதி வீடு கொட்டிய மண்ணில் என்றால் மண் மட்டும் தாழும், வீடு இடுப்பு ஒடியும். நிரப்ப வேண்டாம், பாறையைத் தொடுகிற மட்டும் தூண் இறக்கி, அதன் மேல் வீடு உட்காரும் தளத்தைப் போடுங்கள் என்றார். நிரப்பாததால் தளத்துக்கு அடியில் ஒரு கூடம் கிடைத்தது. அது ஆடுகளுக்கு என்று முடிவானது. காளியாயி உள்ளே போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "என் வீட்டு மேல உங்க வீடா? சரி, மேல சத்தம் போடாம இருக்கணும்" என்றார்.

அந்தக் கோடை முழுவதும் சரிவு திருவிழா மாதிரி இருந்தது. பாறையைப் படிப்படியாக வெட்டினார்கள். ஒவ்வொரு படியும் மட்டமாக. மட்டம் பார்க்கச் செல்வமேரி பள்ளிக்கூடத்து ஆய்வகத்திலிருந்து நீளமான ரப்பர் குழாயும் இரண்டு கண்ணாடிக் குழாயும் இரவல் வாங்கி வந்தார். தண்ணீர் நிரப்பிய குழாயின் ஒரு முனையை அவரும் மறுமுனையைச் சின்னையாவும் பிடித்துக்கொண்டு சரிவின் இரு கோடியில் நிற்பார்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும்போது சின்னையா சின்னப் பிள்ளை போலச் சிரிப்பார். படிகளில் இரும்புக் கம்பியைப் பாறைக்குள் இறக்கி, அதோடு தளத்தின் கம்பிகளைக் கட்டினார்கள். கம்பிகளை அமிர்தராஜ் பட்டறை முடிந்து வந்து வளைத்தார். தளத்தின் அடி படியாக இருந்தது. ஆனால் மேல்பக்கம் சரிவாக இருந்தது. அந்தச் சரிவு, வீட்டின் அடிக்கு இருந்த அதே சரிவு. இல்லையென்றால் வந்து உட்காரும்போது வீடு சாய்ந்துவிடும், ரசம் ஓடும். பள்ளத்துப் பக்கத்து ஓரத்தில் தளத்தோடு ஒன்றாகக் கனத்த கம்பி போட்டு ஒரு குட்டைச் சுவர் எழுப்பினார்கள். வருகிற வீட்டுக்கு அதுதான் கடைசிக் கட்டை. அதற்கு அப்பால் குழிதான்.

கான்கிரீட் போட்ட அன்று மாலையே ஆடுகள் பழைய ஞாபகத்தில் தளத்தின் மேல் ஏறி நடந்துவிட்டன. எங்கே பார்த்தாலும் குளம்புப் பள்ளம். சின்னையா கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். செல்வமேரி தடுத்தார். "இருக்கட்டும் மேஸ்திரி. வழவழன்னு இருந்தா வழுக்கும். சொரசொரப்பு நல்லதுதான்."

"பாக்குறவன் என்ன சொல்லுவான்?"

"மேல வீடு வந்துடும். எவன் பாக்கப் போறான்?"

சரிவான தளத்தில் தண்ணீர் கட்டி வைக்க முடியாது என்பதால் ஈரச் சாக்குப் போட்டு மூடினார்கள். காளியாயியே காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. மேட்டிலிருந்து ஓடிவரும் தண்ணீரைத் தளத்துக்கு மேலே ஒரு வாய்க்கால் வெட்டி ஒதுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் எந்தக் கடைக்காலையும் தண்ணீர் ஒருநாள் தின்றுவிடும். ஆனால் தண்ணீரை ஒதுக்கினால் வீடு வராது. வீடு வருவதற்கு மழை வேண்டும், வந்து இருப்பதற்கு மழை வேண்டாம். அமிர்தராஜ்தான் வழி சொன்னார். வாய்க்காலை வெட்டி வைப்போம், வாயில் மணல் மூட்டை அடுக்கி அடைத்து வைப்போம், வீடு உட்கார்ந்ததும் நான் மூட்டையைப் பிடுங்குகிறேன் என்றார். அந்த வேலையைத் தவிர வேறு எதுவும் தன்னிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். மனைவி உள்ளே இருக்கும்போது வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியாது.

ஐப்பசி பிறந்தது. பிச்சைமுத்துவும் ஆட்களும் வந்து செல்வமேரியின் வீட்டிலேயே தங்கினார்கள். மூன்று நாள் வெயில் அடித்தது. மூன்று நாளும் செல்வமேரி சமைத்துப் போட்டார். நாலாம் நாள் உச்சிப் பொழுதில் மேற்கே கறுத்தது. சனங்கள் குடையோடும் குடையில்லாமலும் மேட்டில் கூடினார்கள். செல்வமேரி கொல்லைக் கதவின் நிலைக்கு நடுவே, நூலில் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டார். வாசல் மேட்டைப் பார்த்தது, கொல்லைக் கதவுதான் பள்ளத்தைப் பார்த்தது. எதிரே குட்டைச் சுவரின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். குண்டின் நூலும் அந்தக் கோடும் ஒன்றாகத் தெரியும்வரை வீடு சரியாக வருகிறது என்று அர்த்தம். வீட்டை ஓட்டுவது அவர்தான்.

மழை பிடித்தது. களிமண் ஊறியது. பிச்சைமுத்து கையைத் தூக்கினார், கட்டைகளைப் பிடுங்கினார்கள். மூன்று கட்டைகள் வந்தன. நாலாவது வரவில்லை. வீடு புறப்பட்டுவிட்டது, ஆனால் தெற்கு மூலை நின்ற இடத்திலேயே நின்றது. வடக்குப் பக்கம் மட்டும் வந்தது. செல்வமேரியின் கண்ணெதிரே நூல் கோட்டை விட்டு விலகியது, சுவரின் விளிம்பைத் தாண்டியது, பிறகு நூலுக்குப் பின்னால் பச்சைத் தண்ணீர் தெரிந்தது.

"தெக்கு மூலை புடிக்குது! வீடு திரும்புது!" என்று அவர் கத்தினார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

பிச்சைமுத்து ஓடிப் போய்க் குனிந்து பார்த்தார். கட்டை இருந்த இடமே தெரியவில்லை. அழகான சிமெண்டுப் பூச்சு, மூலை பிடித்து, விளிம்பு வழித்து. "எந்தப் புண்ணியவான்யா கட்டைக்குப் பூச்சுப் பூசினது?"

பூசினவர் சின்னையா. தன் சுவருக்கடியில் மரக்கட்டை அம்மணமாகத் துருத்திக்கொண்டு நிற்பது அவருக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. போன வருஷம் ஒருநாள், கையில் கலவை மிஞ்சியபோது, ஒன்றை மட்டும் பூசிவிட்டார். மற்ற மூன்றையும் பூச அன்று கலவை போதவில்லை; அது எல்லோருடைய அதிர்ஷ்டம். அவர் கடப்பாரையைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு நின்றார். தான் கட்டிய சுவரை அவர் ஒருநாளும் இடித்ததில்லை.

"மேஸ்திரி, இடிங்க!" செல்வமேரி கொல்லை வாசலில் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே தொங்கினார். "பூச்சோட போகட்டும், மூலையோட போகட்டும், இடிங்க!"

சின்னையா இடித்தார். முதல் குத்தில் பூச்சு தெறித்தது. இரண்டாவது குத்தில் கட்டை பிளந்தது. மூன்றாவது தேவையில்லாதது, அது மூலையில் இரண்டு செங்கல்லைப் பெயர்த்தது, ஆனாலும் குத்தினார். பிடி விட்டதும் தெற்கு மூலை துள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. "வடக்க ஒரு கட்டை!" என்றார் செல்வமேரி. பிச்சைமுத்துவின் ஆட்கள் வடக்கு மூலையில் கட்டை கொடுத்தார்கள். நூல் பச்சைத் தண்ணீரை விட்டுச் சுவருக்கு வந்தது, கோட்டுக்கு வந்தது. "எடுங்க! விட்டுடுங்க! சரியா வருது, சரியா வருது!" சனங்கள் இருபக்கமும் கூடவே ஓடினார்கள். விழுந்தார்கள், எழுந்து சேற்றோடு ஓடினார்கள். காளியாயி ஆடுகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "வா வா வா" என்று வீட்டைக் கூப்பிட்டார்.

வீடு தளத்தின் மேல் ஏறியது. குளம்புப் பள்ளங்களில் களிமண் பிதுங்கியது. வேகம் குறைந்தது. குட்டைச் சுவரை வந்து தொட்டது. வீடு உட்கார்ந்த சத்தம் மலைக்கோட்டை வரை கேட்டது என்று பிற்பாடு சொன்னார்கள், அது மிகை. பொன்மலை வரைதான் கேட்டது. மேட்டில், வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அமிர்தராஜுக்குக் கேட்டது. அவர் மூட்டைகளைப் பிடுங்கி எறிந்தார். செம்மண் தண்ணீர் வாய்க்காலில் திரும்பி, வீட்டைச் சுற்றி ஓடி, குழிக்குள் விழுந்தது. மழை நிற்கவில்லை, இன்னும் வலுத்தது. எல்லோரும் நனைந்துகொண்டு வீட்டையே பார்த்தார்கள். வீடு நகரவில்லை.

செல்வமேரி படியிறங்கி வந்தார். நாலடி நடப்பதற்குள் தடுமாறி, மேட்டிலிருந்து ஓடிவந்திருந்த அமிர்தராஜின் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்று மழைக்காலம் நகர்கிற தரையில் நின்ற கால்களுக்கு நிற்கிற தரை புதிதாக இருந்தது. அந்த மயக்கம் தெளிய கிறிஸ்துமஸ் ஆயிற்று. பெயர்ந்த இரண்டு செங்கல்லைச் சின்னையா திரும்ப வைக்க வந்தார். வேண்டாம், அதில் குருவி கூடு கட்டிவிட்டது என்று செல்வமேரி சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மறு வருஷம் வரித் தண்டலுக்கு வந்தவர் வீட்டு வாசலை ஒரு தடவையும் காலி மனையை ஒரு தடவையும் பார்த்து, வீடு இருக்கிற இடத்துக்கு எழுதிக்கொண்டு போனார். பட்டறையில் அமிர்தராஜோடு வேலை பார்த்த அடைக்கலம் அந்தக் காலி மனையைக் கேட்டு வாங்கினார். மேலே கல் இருக்கிறது, கிணறு இருக்கிறது, லாரி வரப் பாதை இருக்கிறது; கீழே பாறை இருக்கிறது. மேலே கட்டிக் கீழே இறக்கிக்கொள்வதுதான் லாபம் என்று அவர் கணக்குப் போட்டார். சின்னையா முதலில் நிலையைப் போட்டார், பாறையில் படி வெட்டி, குழாயில் தண்ணீர் மட்டம் பார்த்து. பிறகு மேலே போய்ப் பள்ளத்தில் இறங்கி, நாலு மூலையிலும் இடுப்பளவு பார்த்து வீட்டைக் கட்டினார். கட்டைகளைப் பூசவில்லை. அந்த வீடு 1962இல் இறங்கியது. அதைப் பார்த்து மற்றவர்களும் கட்டினார்கள். ஐப்பசி, கார்த்திகையில் சரிவின் நடுவே வண்டி நிறுத்தக் கூடாது என்று ஒரு பலகை வைத்தார்கள். பிச்சைமுத்துவின் மருமகன் பொன்மலைக்கே குடிவந்துவிட்டார். வருஷத்துக்கு இரண்டு மூன்று வீடாவது இறக்க இருந்தது.

1966 ஐப்பசியில் ஒரு பகல், செல்வமேரி மழைக்குக் கதவைச் சாத்தப் போனபோது புதிதாகக் கட்டிய சாரா பீவியின் வீடு மேட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஜன்னலில் சாரா பீவி தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

"டீச்சர், உங்க கொடிக்கயிறு குறுக்க கெடக்கு. கொஞ்சம் அவுத்துக்கிறீங்களா?"

"இதோ. மெதுவா வாங்க" என்று சொல்லி, செல்வமேரி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி, கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார். வீடு அவரைக் கடந்து பக்கத்து நிலைக்குப் போனது. உள்ளே யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள். அது உட்கார்ந்த சத்தம் கேட்டதும், கொடியைத் திரும்பக் கட்டிவிட்டு, அவர் தன் வீட்டுக்குள் போனார்.